கலங்கல்

அப்பாவிடமிருந்து வந்த குரல்பதிவு பதினோரு நொடிதான். "பாப்பா, நீ வாங்கிக் குடுத்த ஸ்கோப்புல கலங்கலாத் தெரியுது. கம்மாத் தண்ணிக்குள்ள முழிச்சுப் பாத்த மாதிரி இருக்கு. மாத்தித் தருவானான்னு கேளு." பின்னால் ஒரு சேவல் கூவியது. அதோடு முடிந்தது.

நான் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். "சரியா வரல" என்று ஒருவர் எழுதினால் அதற்கு நூறு அர்த்தம் இருக்கலாம் என்பதுதான் இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். எது வரவில்லை, எப்போது வரவில்லை, எல்லோருக்குமா, உங்களுக்கு மட்டுமா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் திருப்பி அழைத்தேன்.

"என்னப்பா கலங்கல்? ஓரமா கருப்பு அடிக்குதா, மொத்தமா மங்கலா இருக்கா, இல்ல ரெண்டு ரெண்டாத் தெரியுதா?"

"கலங்கல்னா கலங்கல்தான். அதுல என்ன பத்து வகை?"

பத்து இல்லை, ஐந்து வகை இருந்தது. அந்த ஐந்தையும் கண்டுபிடிக்க எனக்கு இரண்டரை மாதம் ஆனது. நாலாவதோடு நின்றுகொள்ளத்தான் ஆசைப்பட்டேன்.

*

அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். என்.சி.சி. பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. தேர்ட் ஆபீஸர் என்று தோளில் பட்டை வைத்துக்கொண்டு முகாமுக்குக் கிளம்பும்போது அம்மா அவரை ஏதோ சீனா எல்லைக்கு அனுப்புவதுபோல் வாசலில் நிற்பாள். ஊரில் அவருக்குப் பெயர் 'சுடுற வாத்தியார்'. இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் பையன்களைக் குப்புறப் படுக்க வைத்து பாயிண்ட் 22 ரைபிளில் அஞ்சு அஞ்சு ரவுண்டாகச் சுடச் சொல்லுவார். அஞ்சும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. மாட்டின் கண்ணில் பட்டதா என்பதெல்லாம் அப்புறம்.

ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நாட்டுத் தயாரிப்பு ஏர் ரைபிள், அதுவும் பழசு. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. குழாயை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் காற்று குண்டைத் தள்ளும். குருவி, குரங்கு எதையும் அவர் சுட்டதில்லை. சுட்டுத் தரச் சொல்லி வந்த தோட்டக்காரர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். வீட்டுக்குப் பின்னால் மாடில்லாத மாட்டுக்கொட்டகை உண்டு. அதன் சுவரோரம் ஒரு பிஸ்கட் டின். உள்ளே அம்மாவின் பழைய சேலைகளைத் திணித்து முன்னால் அட்டை ஒட்டியிருக்கும். கிணற்றுத் திண்டிலிருந்து அந்த டின் வரை டேப் பிடித்து அளந்த பத்து மீட்டர்.

பத்து மீட்டர் ஏர் ரைபிள் அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் இருக்கும் கருப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான், ஒரு பெரிய நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம். பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. குண்டு அதைவிட ஒன்பது மடங்கு பெரியது. அந்தப் பொட்டைக் கண்ணால் பார்த்து யாரும் சுடுவதில்லை. பார்க்க முடியாததைச் சுடும் விளையாட்டு அது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய அன்று அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே எல்லோரிடமும் கேட்டார்: "அவன் என்ன ஸ்கோப்பு வச்சா சுட்டான்?" அந்தப் போட்டியில் தொலைநோக்கி வைக்க அனுமதி கிடையாது என்பது தெருவில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்கோப் மேல் அவருக்கு இருந்த இளக்காரத்துக்குக் காரணம் அவர் கற்றுக்கொடுத்த பாடம். துப்பாக்கியின் பின்னால் ஒரு பள்ளம், அது பேக்சைட். குழாயின் முனையில் ஒரு சிறு முள், அது ஃபோர்சைட். அப்பால் குறி. மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். ராணுவ இந்தியில் 'ஷிஸ்த்' என்பார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்தியில் தெரிந்த பத்துச் சொற்களில் அது ஒன்று. ஆனால் மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பிடிக்கும். பள்ளம் கைக்கெட்டும் தூரத்தில், முள் கிட்டத்தட்ட ஒரு மீட்டரில், குறி பத்து மீட்டரில். மூன்றும் ஒன்றாகத் தெளியாது.

"அப்ப எதப் பாக்கணும்?" இது அவர் கேட்கும் முதல் கேள்வி.

எல்லாப் பையன்களும் குறியை என்பார்கள். நானும் எட்டாவது படிக்கும்போது அதைத்தான் சொன்னேன்.

"தப்பு. முள்ளப் பாரு. முள்ளு கத்தி மாதிரி தெரியணும். குறி மங்கலா இருந்தா இருக்கட்டும், விடு. குறியப் பாக்க ஆசப்பட்டா முள்ளு ஆடுறது தெரியாது. முள்ளு ஒரு நூல் ஆடுனா அங்க ஒரு விரக்கடை போயிரும்."

எதைத் தெளிவாக வைத்துக்கொள்வது என்பதைவிட எதை மங்கலாக விடுவது என்பதுதான் அதில் கஷ்டம்.

நாற்பத்தைந்துக்கு மேல் எல்லோருக்கும் ஆவதுபோல் அவருக்கும் கிட்டப்பார்வை மங்கி, முள் தெளிவிழந்தது. படிப்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். சுடும்போது கண்ணாடியோடு கொஞ்ச நாள், இல்லாமல் கொஞ்ச நாள் என்று சமாளித்தார். அறுபத்தாறு வயதில் ஒருநாள் போன் போட்டு, "பாப்பா, ஃபோர்சைட்டு மறுபடி கத்தி மாதிரி தெரியுது, கண்ணாடியே இல்லாம!" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அடுத்த வருடம் பேப்பரையும் கண்ணாடி இல்லாமல் படிக்க ஆரம்பித்தார். அம்மா கறிவேப்பிலையையும் முருங்கைக் கீரையையும் புகழ்ந்தாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அவர் கையில் பத்திரிகையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி வேடிக்கை பார்த்தார்கள். என் தோழிகளிடம் நானே பெருமையாகச் சொன்னேன்.

அறுபத்தெட்டில் அட்டையில் ஓட்டைகள் சிதற ஆரம்பித்தன. கொட்டகையில் வெளிச்சம் பத்தவில்லை என்றார். பல்பு மாட்டினோம். அப்போதும் பத்தவில்லை. பிறந்தநாளுக்கு நான் ஸ்கோப் வாங்கி அனுப்பினேன். நாலு மடங்கு பெரிதாக்கும், 32 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, அந்த வகையிலேயே எளிமையானது. திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, மாட்டிப் பாப்போம்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

*

முதல் கலங்கல் ஓரத்துக் கருப்பு. வீடியோ அழைப்பில் பக்கத்து வீட்டுப் பையனை வைத்துக்கொண்டு விசாரித்ததில், வட்டத்தின் ஒரு பக்கம் பிறைபோல இருட்டு அடிக்கிறது என்று தெரிந்தது. ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும், பெரும்பாலும் மூன்று நான்கு அங்குலம். கூடினாலும் குறைந்தாலும் கருப்பு ஓரம் கட்டும். அப்பா சரியாகத்தான் மாட்டியிருந்தார். ஆனால் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாதாரணத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். இது உள்ளே பிஸ்டன் பாயும்போது பின்னால் ஒருமுறையும், பிஸ்டன் போய் முட்டும்போது முன்னால் ஒருமுறையுமாக இரண்டு பக்கமும் உதறும். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்குகிற நல்ல ஸ்கோப்புகள்கூட இதில் உள்ளுக்குள் கழன்றுபோவது உண்டு. எங்கள் ஸ்கோப் கழலவில்லை. பிடிப்பான் மட்டும் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டே பின்னால் வந்திருந்தது. திருகை இறுக்கி, பின்னால் ஒரு தடுப்பு ஆணி வைத்தோம். பிறை போயிற்று.

"இப்பத் தெளிவா இருக்காப்பா?"

"கருப்பு போச்சு. கலங்கல் போகல."

இரண்டாவது, கீழே நிற்கும் நிழல். வட்டத்தின் அடியில் கருப்பாக, புகை மாதிரி ஏதோ தெரிகிறது என்றான் பையன். அது வேறு ஒன்றுமில்லை, ஃபோர்சைட்தான். எங்கள் துப்பாக்கியில் முன்முள்ளும் பின்பள்ளமும் உடம்போடு சேர்த்து அடித்தவை, கழற்ற முடியாது. ஸ்கோப்பைத் தாழ மாட்டினால், அதிலும் நாலு மடங்குபோலக் குறைந்த பெருக்கத்தில், குழாய் முனையில் நிற்கும் முள் பார்வைக்குள் தலையை நீட்டும். தொலைவுக்குத் தெளிவாக்கிய கண்ணாடிக்கு அது ரொம்பக் கிட்டத்துப் பொருள், அதனால் உருவம் இல்லாமல் புகையாகத் தெரியும். குறி தப்புவதற்கு அது காரணம் ஆகாது. கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். வழி இரண்டு: உயரமான பிடிப்பான் வாங்கலாம், இல்லை முள்ளை அறுத்துவிடலாம்.

"அறுக்கிறதாவது! நாளைக்கு உன் ஸ்கோப்பு ஒடைஞ்சா நான் என்னத்தப் பாத்துச் சுடுறது?" என்றார். உயரமான பிடிப்பான் அனுப்பினேன். நிழல் பாதியாகக் குறைந்தது. கலங்கல் அப்படியே இருந்தது.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். முன்கண்ணாடியில் தூரம் மாற்றும் வளையம் இல்லாத ஸ்கோப்புகளை ஏதோ ஒரு தூரத்துக்குத் தெளிவாக இருக்கும்படி கம்பெனியிலேயே பூட்டிவிடுவார்கள். பெரும்பாலும் 100 கஜம், அதாவது 91 மீட்டர். அதை வைத்துக்கொண்டு பத்து மீட்டரில் பார்த்தால் அட்டை மங்கலாகத்தான் தெரியும். போதாததற்கு, கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் நடுவில் இருக்கும் சிலுவைக்கோடு அட்டை மேல் நீந்தும். வேறு ஸ்கோப் வாங்கும் முன் செலவில்லாத வைத்தியம் ஒன்று செய்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையை முன்கண்ணாடி அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓட்டை போட்டு மூடியாக மாட்டச் சொன்னேன். வாசல் சிறிதானால் வெளிச்சம் குறையும், ஆனால் கிட்டமும் தூரமும் ஒருசேரத் தெளியும். கேமரா பிடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

பையன் பார்த்துவிட்டு, "யக்கா, செம! நம்பர்லாம் தெரியுது" என்றான்.

அப்பா வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னும் இருட்டாயிருச்சு" என்றார்.

"அவனுக்குத் தெரியுதேப்பா?"

"சின்னப் பயலுக்கு என்ன தெரியும்!"

ஸ்கோப்பின் பின்பக்கம் போனை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தில் அட்டை பளிச்சென்று இருந்தது. ஒரு கருவி, ஒரே இடம். பையனின் கண்ணுக்குத் தெளிவு, போனின் கண்ணுக்குத் தெளிவு. அலுவலகத்தில் இப்படி ஒரு புகார் வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பதில் எழுதி மூடியிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடுதல் பணம் போட்டு, பத்து மீட்டர் வரை தெளிவாக்கும் வளையம் உள்ள வேறொரு ஸ்கோப் வாங்கி அனுப்பினேன்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப்பொங்கல் அன்று காலையில், மாடில்லாத கொட்டகைக்கு முன்னால், கிணற்றுத் திண்டில் மணல் மூட்டையை வைத்து அதன்மேல் துப்பாக்கியைச் சாத்தினோம். குண்டு போடவில்லை, குழாயை மடக்கியே வைத்திருந்தார். ஸ்கோப் வழியாகத் தென்னை மரத்தைப் பார்க்கலாம் என்று நான் துப்பாக்கியைத் தூக்கியபோது கையைத் தட்டிவிட்டார். "வேடிக்க பாக்கத் துப்பாக்கியத் தூக்கக் கூடாது. சுட நினைக்காத எதுமேலயும் குழாய் திரும்பக் கூடாது." முப்பது வயது மகளிடமும் அதே குரல்.

நாலாவதாகப் பின்கண்ணாடி வளையம் பாக்கி இருந்தது. பார்ப்பவரின் கண்ணுக்குத் தகுந்தபடி சிலுவைக்கோட்டைத் தெளிவாக்க அந்த வளையம். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ நோக்கி வைத்துவிட்டு, சட்டென்று ஒருமுறை மட்டும் பார்க்க வேண்டும். முறைத்துக்கொண்டிருந்தால் கண் தானாகச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றும். பார்வையை எடுத்து, வளையத்தைத் திருப்பி, மறுபடி பார்க்க வேண்டும். நான் எனக்குச் சரிசெய்து பார்த்தேன். கோடு மயிரிழைபோல நின்றது. அட்டையில் பழைய ஓட்டை ஒன்றின் ஓரத்தில் ஈயக்கறைகூடத் தெரிந்தது.

"இப்ப நீங்க திருப்புங்க."

அவர் திருப்பினார். பார்த்தார். திருப்பினார். பார்த்தார். வளையம் முடியும் இடம் வரை போய் நின்றுவிட்டது. நின்ற பிறகும் அவர் விரல்கள் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தன. கட்டைவிரல் நகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"கோடு தெரியுதாப்பா?"

"பரவால்ல. முன்னைக்கு இப்பத் தேவல."

"அட்டை?"

பதில் இல்லை.

துப்பாக்கியை வாங்கி அவர் வைத்த இடத்திலேயே பார்த்தேன். எனக்கு ஒன்றுமே இல்லை. வெறும் பனி. பிறகு, வெளிச்சம் பத்தவில்லை என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. 32ஐ நாலால் வகுத்தால் எட்டு. கண்ணை வந்தடையும் ஒளிவட்டம் எட்டு மில்லிமீட்டர் அகலம். எந்தக் கண்மணியும் பகலில் அவ்வளவு விரியாது. ஸ்கோப் அவருக்குத் தேவைக்கு மேலேயே வெளிச்சம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பட்டியலில் ஒன்றுதான் மீதி.

அந்த நேரம் பார்த்து அவர் எழுந்து அட்டையை எடுக்கப் போனார். எடுத்ததும் வழக்கம்போல ஆட்காட்டி விரலால் அட்டையைத் தடவினார். ஓட்டைகளைத் தடவி எண்ணுவது அவருடைய ஸ்டைல் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "தீவாளிக்கு முன்னாடி பால்காரன் சைக்கிள்ல கொண்டு போயி வண்டிய விட்டுட்டாரு. அவனுக்கு முழங்கையில அடி. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அஞ்சு மணிக்கு மேல வண்டி எடுக்கிறதே இல்ல. எதிர்ல லைட்டு வந்தா பூவா வெடிக்குதுங்கிறாரு."

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே. நீ போன் போட்டா துப்பாக்கியப் பத்தியேல்ல கேக்கிற."

*

மதுரைக்காரர்களுக்குக் கண் என்றால் போகும் இடம் ஒன்றுதான். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களை வைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகியவர் அவர். வழியில் பஸ்ஸில் இதை அப்பாதான் சொன்னார். "வெரலே வளைஞ்ச மனுசன் கண்ணுல கத்தி வச்சிருக்காரு பாரு. பொசிசன்தான் முக்கியம். உடம்ப எப்பிடி நிறுத்துறோம்கிறதுதான்." கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"ஸ்கோப்பு கெட்டுப்போயிருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன் பாப்பா."

நான் பேசவில்லை.

"நீயும் அதத்தான வேண்டிக்கிட்ட?"

"ம்."

வலது கண்ணை மறைத்து இடதில் படிக்கச் சொன்னார்கள், இடதை மறைத்து வலதில். பிறகு சிறு ஓட்டைகள் போட்ட கரும்பலகை ஒன்றை வலது கண்ணுக்கு முன்னால் பிடித்து, ஓட்டை வழியாகப் படிக்கச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் கல்யாணப் பத்திரிகை அட்டை! பவர் மட்டும்தான் கோளாறு என்றால் ஓட்டை வழியே எழுத்து தெளிந்துவிடும், தெளியாவிட்டால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று விளக்கினார் அங்கிருந்த பெண். "இருட்டாத் தெரியுதும்மா" என்றார் அப்பா. கொட்டகையில் சொன்ன அதே பதில். அன்றைக்கு மூடி மாட்டி நான் செய்ததும் இதே சோதனைதான். முடிவும் அன்றே வந்துவிட்டது. நான்தான் எழுதிக்கொள்ளவில்லை.

டாக்டரிடம், "பேப்பரெல்லாம் கண்ணாடி இல்லாமலே படிக்கிறாரே டாக்டர்" என்றேன், கடைசி வக்கீலாக.

"அதுதாம்மா அறிகுறி" என்றார் அவர். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி முதுமையில் இறுகிப் பழுக்கும்போது அதன் வளைக்கும் சக்தி கூடும். தூரப்பார்வை குறைந்துகொண்டே வர, கிட்டப்பார்வை இலவசமாகத் திரும்பிவரும். முதலில் ஒரு மீட்டரில் இருப்பது தெளியும். இன்னும் முற்றினால் ஒரு அடியில் இருப்பது தெளியும். கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் எல்லாமே மூடிவிடும். அப்பாவின் வலது கண் மைனஸ் மூன்றில் இருந்தது. ஸ்கோப் வளையம் எட்டும் எல்லைக்கு வெளியே.

முதலில் ஃபோர்சைட், அடுத்து பேப்பர். வரிசை மாறாமல் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள் முருங்கைக் கீரைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் அவருக்கு ஒரு கதை சொன்னேன். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானத்து மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் போய்விட்டன. கண் அந்தச் சில்லுகளை வேற்றுப்பொருளாக எண்ணிச் சீறாமல் சும்மா இருந்ததை ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கவனித்தார். 1949இல் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். இப்போது அந்த மாதிரி லென்ஸ்களை இந்த மதுரையிலேயே ஆரோலேபில் செய்கிறார்கள், 1992லிருந்து.

"சண்டையில ஒடைஞ்ச கண்ணுலருந்து வந்த வைத்தியமா?" என்று யோசித்தார். "சரிதான். துப்பாக்கிக்காரனுக்குப் பொருத்தம்தான்."

உள்ளே வைக்கும் லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு காட்டும் என்றும், வழக்கமாகத் தூரத்துக்கு வைப்போம், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் சொன்னபோது அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு மீட்டருக்கு வைக்க முடியுமா சார்?"

"ஒரு மீட்டர்ல உங்களுக்கு என்ன சார் இருக்கு?"

அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"வைக்கலாம். ஆனா ரோட்ல எதிர்ல வர்ற ஆள் முகம் கண்ணாடி இல்லாம மங்கலாத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

அந்த அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஆயிரம் பையன்களுக்கு முள்ளைப் பார், குறியை மங்கலாக விடு என்று சொன்னவர். பத்து விநாடி இருக்கும். மூச்சைப் பிடித்து விசையை இழுப்பதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் அவ்வளவுதான்.

"தூரத்துக்கே வைங்க சார்."

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஏன் என்று கேட்டேன். "பால்காரன் பொழச்சுப் போகட்டும்" என்றார்.

*

கட்டுப் பிரித்த மறுநாள் காலை கருப்புக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வேட்டி இவ்வளவு வெள்ளையா?" என்றார். வலது கண்ணை மூடி இடதால் பார்ப்பார், டீ நிறம் என்பார். இடதை மூடி வலதால் பார்ப்பார், சொட்டுநீலம் போட்ட மாதிரி என்பார். அரை மணிநேரம் வீட்டில் ஒவ்வொரு பொருளாக இப்படியே சோதனை நடந்தது. அம்மா முகத்தையும் இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்னவாம்?" என்றாள் அவள். "வயசாயிருச்சு ஒனக்கு" என்றார். அவள் மோர்க் கிண்ணத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போனாள்.

சொட்டு மருந்து முடியும்வரை துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். குழாயை மடக்குவது சும்மா வேலை இல்லை. பங்குனியில்தான் மறுபடி ஊருக்குப் போனேன். வெயில் ஏறும் முன் திண்டில் உட்கார்ந்தோம். ஸ்கோப் இல்லாமல் ஒருமுறை குறி பார்த்தார். "ஃபோர்சைட்டு பூச்சி மாதிரி இருக்கு. அட்ட மட்டும் பளிச்சுனு இருக்கு. எல்லாம் தலகீழா ஆயிருச்சு" என்றார். வருத்தமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. பிறகு ஸ்கோப்பை அவரே மாட்டினார். பின்கண்ணாடி வளையத்தை அந்தக் கடைசியிலிருந்து திருப்பிக்கொண்டே வந்து நடுவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கீழ அந்தக் கருப்பு நிழல் இன்னும் நிக்குதேப்பா. இன்னும் ஒசரமாப் பிடிப்பான் வாங்கட்டுமா?"

"வேணாம். அது நம்மாளு. நின்னுட்டுப் போறான்."

அஞ்சு குண்டு சுட்டார். அட்டையை எடுத்துவர நான் எழுந்தேன். நான் கொட்டகைக்குப் பாதி தூரம் போவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாலு ஒண்ணா இருக்கு. ஒண்ணு மட்டும் வலது பக்கம் எட்டுல போயிருச்சு. மூச்ச விட்டுட்டேன்."

அட்டையை எடுத்துப் பார்த்தேன். எட்டுதான். இடது கண்ணுக்கு ஆவணியில் தேதி வாங்கியிருக்கிறோம்.